வைத்துக் கொடுத்த துணி

துணி என்ற சொல்லுக்குத் துணிக்கப்பட்டது, வெட்டப்பட்டது என்றுதான் பொருள். துண்டும் அப்படியே. சங்க காலத்தில் புழங்கிய அறுவை என்ற சொல்லும் அறுத்ததைத்தான் சொல்கிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி வியாபாரம் செய்த ஒரு கவிஞரே இருந்திருக்கிறார். (இன்று கவிஞரோடு அறுவையைச் சேர்த்துச் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும்.) தறியில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் துணியாகவில்லை. அறுத்து எடுத்த பிறகே அது துணி. உடுத்துவதற்கான பெயரையே வெட்டும் செயலிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு சமூகம், வெட்டியதை மறுபடி சேர்த்துத் தைப்பதை ஏன் இவ்வளவு கீழாகப் பார்த்தது என்பதுதான் சில மாதங்களாக என்னைத் தொந்தரவு செய்துவரும் கேள்வி.

தொந்தரவு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மயிலாப்பூர் வீடு ஒன்றில் நாற்பது வருஷமாகச் சேர்ந்த ரவிக்கைத் துண்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றோடு தையல் மிச்சங்கள் ஒரு மூட்டை. இவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, இணைத்து, ஒரு மெத்தை விரிப்பின் மேல்பாகமாகத் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். விமர்சகரான நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, 'இது நம் மரபே இல்லை, அமெரிக்கப் பாட்டிகளின் பொழுதுபோக்கு' என்றார். அவர் கவிதையைப் பற்றியும் இதே தொனியில்தான் தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னது பாதி சரி என்பதால் லேசில் தள்ளிவிடவும் முடியவில்லை.

ஒட்டுத்தையல் இந்தியாவுக்குப் புதிதல்ல. வங்காளத்தில் கந்தா. பீகாரில் ஸுஜனி. ஸிந்துவிலும் ராஜஸ்தானத்திலும் ரல்லி. வட கர்நாடகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சத்தினரான ஸித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி. அதன் நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைத்துத் தைக்காவிட்டால் அது அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். தமிழில் இந்தப் பொருளுக்கு ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். கந்தை என்ற சொல் இருக்கிறது. வங்காளத்துக் கந்தாவும் அதுவும் ஒரே வேர். ஆனால் அங்கே அது கைவேலையின் பெயர், இங்கே வறுமையின் பெயர். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் நம் பழமொழி சுத்தத்தைத்தான் கேட்கிறது, சேர்த்துத் தைக்கச் சொல்லவில்லை.

இங்கே குளிர் இல்லை, அதனால் போர்வை இல்லை என்பது சுலபமான பதில். ஆனால் ஒட்டுத்தையல் போர்வையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விரிப்பாகலாம், திரையாகலாம், பையாகலாம். வேறு இரண்டு காரணங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, முழுத்துணியின் மேல் நமக்கிருக்கும் பக்தி. வைதிகக் காரியத்துக்குத் தைத்த துணி ஆகாது. ஸ்வாமிக்குச் சாத்துவது முழு வஸ்திரம். நல்ல நாளில் கிழிசல் கண்ணில் படக்கூடாது. புதிதாக வாங்கி ஒருமுறையும் நனையாததற்குக் கோடி என்று தனிப் பெயர் வைத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதையே கேட்கிறோம். பங்குனியில் கபாலீஸ்வரர் தேர் வரும்போது அதில் தொங்கும் தொம்பைகளைச் சிலர் எனக்குச் சுட்டிக்காட்டக்கூடும். வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்த உருளைகள், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவேலை. அழகானவை. ஆனால் அதற்கென்று வாங்கிய புதுத்துணியை அதற்கென்று வெட்டுவது அது. மிச்சத்தில் செய்ததல்ல.

இரண்டாவது காரணம் காசு. பழைய துணி நம் வீடுகளில் சும்மா கிடந்ததில்லை. நைந்த நூல்புடவை தூளியாயிற்று, பிறகு பிள்ளைக்கு அடியில் போடும் துணியாயிற்று, கடைசியில் கரித்துணியாயிற்று. நையாததை எடுத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தெருத்தெருவாக வந்தார்கள். இரண்டு புடவைக்கு ஒரு டவரா. நாலு பாண்ட் சேர்ந்தால் ஒரு தூக்கு. பட்டென்றால் ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கிறவர்கள் எடை போட்டு வாங்கினார்கள். பல மயிலாப்பூர் சமையலறைகளின் அலமாரி, கண்ணாடி போலப் பளபளக்கும் பழைய புடவைகளால் ஆனது. துணி பாத்திரமாக மாற வழியிருக்கும்போது அதைச் சதுரம் சதுரமாக வெட்டி யார் தைப்பார்கள்?

ஆனாலும் ஒட்டுத்துணி இந்த நகரத்தின் கண்ணில் படாமல் இருந்ததில்லை. விடியலில் உடுக்கையைக் குலுக்கிக்கொண்டு நல்ல காலம் பிறக்கிறது என்று சொல்லிப்போகும் குடுகுடுப்பைக்காரரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் பல நிறத் தலைப்பாகை, கோட்டின்மேல் கோட்டு, தோளில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய வேஷ்டியும் புடவையும். பூம்பூம் மாட்டுக்காரர் தன் மாட்டின் முதுகில் போர்த்தியிருப்பது இன்னும் துல்லியமான உதாரணம். வாங்கிய துணிகளைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் குஞ்சம் கட்டி, கழுத்திலிருந்து வால்வரை தொங்கவிட்ட விரிப்பு அது. வடக்கு மாடவீதி வீட்டுத் தாவணியும் மந்தைவெளி வீட்டுப் படுக்கை விரிப்பும் மாட்டின் முதுகில்தான் ஒன்றாகச் சேர்ந்திருக்க முடியும். அந்த வீடுகளுக்குள் போக்குவரத்து இல்லாமல் இருந்திருக்கலாம். தமிழ்நாட்டில் ஒட்டுத்தையல் இல்லை என்பது சரியல்ல. அது வாங்குகிறவரின் உடை. கொடுக்கிற வீடு தானே சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டால், தெருவில் நிற்பவருக்கும் திண்ணையில் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது. நண்பர் மரபில்லை என்று சொல்வதில் மறைந்திருப்பது இந்தக் கூச்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பௌத்தர்கள் இந்த விஷயத்தை நேராகவே எதிர்கொண்டார்கள். துறவியின் சீவரம் வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது விநய விதி. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, இதுபோல அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாகவும் ஆனந்தர் அதன்படி தைத்ததாகவும் கதை. எல்லோரும் வயலின் அழகைப் பற்றிப் பேசுவார்கள். விதிக்குச் சொல்லப்பட்ட காரணம் அதைவிட ஸ்வாரஸ்யமானது: வெட்டிய துணியின்மேல் யாருக்கும் ஆசை வராது. முழுத்துணி விலைபோகும், திருட்டுப்போகும், கைமாறும். கத்திரி பட்டதும் அது சந்தையிலிருந்து விலகிவிடுகிறது. நிறையக் கொடை வாங்கும் ஒரு சங்கம், கொடையின் விலையை அழிப்பதற்குக் கண்டுபிடித்த உபாயம் தையல். ஜப்பானில், பணக்கார வீடுகள் காணிக்கையாகத் தந்த பட்டுக் கிமோனோக்களைக்கூட வெட்டித்தான் பிக்குகளின் மேலாடையாகத் தைத்தார்கள்.

இனி ரவிக்கைத் துண்டு. இதைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு ஆச்சரியம்.

நவராத்திரியில் கொலுவுக்கு வந்தவளுக்கு, வரலக்ஷ்மி நோன்புக்கு வந்தவளுக்கு, வளைகாப்பு, சுமங்கலிப் பிரார்த்தனை, அல்லது வெறுமனே வெள்ளிக்கிழமை மாலை எட்டிப்பார்த்தவளுக்கு, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் அல்லது ஒரு பழம், இவற்றின் அடியில் நான்காக மடித்த ஒரு துண்டு. வைத்துக் கொடுப்பது என்று பெயர். வாங்கியவள் அதைத் தைத்துக்கொள்வதில்லை. பீரோவில் வைக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொருத்திக்கு வைத்துக் கொடுக்கிறாள். அவள் இன்னொருத்திக்கு. கஜம் போய் மீட்டர் வந்தது, ரூபியா வாயில் போய் பாலியெஸ்டர் வந்தது. துண்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உஸ்மான் ரோடிலோ ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ போய் ரவிக்கைத் துணி கேட்டால், 'தைக்கிறதுக்கா, வச்சுக் குடுக்கறதுக்கா?' என்று முதலில் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு அடுக்கு. இரண்டாவது அடுக்கில் இருப்பதன் நீளத்தில் எந்தப் பெண்ணுக்கும் ரவிக்கை வராது. கைமாறுவதற்காகவே நெய்யப்பட்ட துணி உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது. நாணயம்தான் இருக்கிறது.

தியாகராய நகர் இதற்குத் தலைநகரானது தற்செயல் என்றாலும் ரசிக்கத்தக்க தற்செயல். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து, 1920-களில் எழுப்பிய பேட்டை அது. பெயர் கொடுத்த பிட்டி தியாகராய செட்டியார் (1852–1925) தேவாங்கர், நெசவும் துணி வியாபாரமும் செய்த குடும்பம். அரசியலில் அவர் பெயர் எங்கெல்லாமோ பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தினமும் லட்சம் பேர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடத்துக்கு நெசவுக் குடும்பத்துப் பெயர் என்பதை யாரும் நினைப்பதில்லை. நல்லி சின்னசாமி செட்டியார் அங்கே கடை போட்டது 1928-இல்.

துண்டு சுற்றுவதில் ஒரு ஆபத்து உண்டு: கொடுத்தவளிடமே திரும்பிப் போய்விடலாம். அது பெரிய அவமானம். அதைத் தவிர்க்க வீடுகளில் ஒரு வழக்கம். யார் எப்போது கொடுத்தது என்று காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதி, குண்டூசியால் துண்டில் குத்திவைப்பது. என்னிடம் வந்த துண்டுகளில் பெரும்பாலானவற்றில் சீட்டு இருக்கிறது. 'லஸ் மாமி, கொலு.' 'ஆபீஸ் சிநேகிதி, கிரகப்பிரவேசம்.' 'மாடிவீட்டுப் பெண், முதல் தடவை.' 'அடையாறு, திருப்பிக் கொடுக்கவேண்டும்.' இந்தக் கடைசிச் சீட்டில் ஒரு குடும்பச் சண்டை முழுதாக அடங்கியிருக்கிறது. குண்டூசி துருப்பிடித்துத் துணியில் இரண்டு பழுப்புப் புள்ளி. யார் வீட்டுக்கு யார் போனார்கள், யார் போவதை நிறுத்தினார்கள், எந்த வருஷம் மாடிவீட்டாரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள் என்பதெல்லாம் இந்தத் துண்டுகளில் இருக்கிறது. சீட்டே இல்லாத ஒரு பெரிய விஷயமும் இருக்கிறது. விதவைகளிடமிருந்து ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குக் கொடுக்க எடுத்துவைத்ததாகவும் ஒன்றில்லை. துண்டுகளின் சுற்று யாரை விட்டுவிட்டுச் சுற்றியது என்பதை எழுதவேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

கத்திரியை எடுக்க நான் தயங்கியது இதனால்தான், மரபினால் அல்ல. வெட்டினால் துண்டு ஓட்டத்திலிருந்து நின்றுவிடும். சீவரம் போல. இனி அதை யாருக்கும் கொடுக்க முடியாது. யாரும் விட்டுப்போனதாக வருந்தவும் முடியாது.

மயிலாப்பூரின் துணிக்கு இதைவிட நீண்ட ஒரு சுற்றும் உண்டு. இதில் கொஞ்சம் நிதானமாகவே போக விரும்புகிறேன். ஜப்பானிய மொழியில் சான்தொமே என்று ஒரு சொல் இருக்கிறது. மெல்லிய பருத்தி நூலில் நீளவாக்கில் கோடு போட்ட துணி அது. எதோ காலத்தின் தோக்கியோவில் வியாபாரிகளும் நாடக ரசிகர்களும் விரும்பிக் கட்டியது. சொல் எங்கிருந்து போயிற்று என்பதில் சந்தேகம் இல்லை. போர்த்துகீசியர் 1520-களில் மயிலாப்பூர்க் கடற்கரையில், அப்போஸ்தலர் தோமாவின் சமாதியைச் சுற்றி அமைத்த குடியேற்றம், ஸாவ் தோமே தெ மெலியபோர். நம் சாந்தோம். அங்கிருந்து சோழமண்டலத்துத் துணி மலாக்காவுக்குப் போனது, அதற்கப்பால் கிழக்கே போனது. பிறகு பழவேற்காட்டில் உட்கார்ந்த டச்சுக்காரர்கள் நாகசாகி வரை கொண்டுபோனார்கள். துணி இறங்கிய ஊரில் அது ஏறிய ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியத்தில் கோட்டுக்கு ஷிமா என்று பெயர், தீவுக்கும் ஷிமாதான். கடல் கடந்து தீவுகளின் வழியாக வந்த சரக்கு என்பதால் கோடுபோட்ட துணிக்கே அந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

சாந்தோமை 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1674-இல் கோல்கொண்டாவும் டச்சுக்காரரும் சேர்ந்து அவர்களை விரட்டினார்கள், கோட்டை இடிபட்டது, 1749-இல் இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. இதற்குள் ஜப்பானில் அந்தத் துணியை உள்ளூரிலேயே நெய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போலிக்கும் சான்தொமே என்றே பெயர். ஊர் இடிந்துபோன பிறகும் அதன் பெயரைத் தறி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோமுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இந்த ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

கோட்டுத்துணியைவிட அதிகமாக அவர்கள் கொண்டாடியது நம் சாயத்துணியை. ஸராஸா என்றார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் தோய்த்து, படிகாரத்தால் எழுதி, மணல்காட்டில் தோண்டிய சாயவேரில் வேகவைத்து, மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்கி எடுத்த துணி. துவைக்கத் துவைக்க நிறம் தெளிந்தது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இதுதான் அதிசயம், பூவும் கொடியும் அல்ல. கிடைப்பது அரிது, விலை அதிகம். ஆகவே ஒரு விரற்கடைத் துண்டையும் எறியவில்லை. தேநீர்ச் சடங்கின் மண்கிண்ணத்துக்கும் தூள் டப்பிக்கும் பை தைத்தார்கள். புகையிலைப் பை தைத்தார்கள். வெளியே தெரியாத உள்ளங்கியைப் பத்துப் பதினைந்து துண்டுகள் சேர்த்து ஒட்டுத்தையலில் தைத்தார்கள். தைக்கவும் முடியாத சிறு துண்டுகளை ஆல்பங்களில் ஒட்டினார்கள். வந்த காலத்தை வைத்து, பழைய வரவு, நடுவரவு, புதுவரவு என்று தரம் பிரித்தார்கள். 1778-இல் ஸராஸாக் கோலங்களுக்கென்றே ஒரு கையேடு அச்சாயிற்று. ஹிகோனே பிரபுக்களான ஈயி வம்சத்தார் சேர்த்த 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய மியூஸியத்தில் இருக்கின்றன. இந்தியாவில் அந்தக் காலத்துச் சாதாரண உடுதுணி அநேகமாக மிஞ்சவில்லை. நாம் கட்டிக் கிழித்துவிட்டோம். அது சரியான காரியமும்கூட. அங்கே, வெட்டியதனால்தான் மிஞ்சியது.

ஐரோப்பாவில் கதை இத்தனை சாந்தமாக நடக்கவில்லை. லண்டன் நாட்குறிப்புக்காரர் ஸாமுவேல் பெப்பிஸ் 1663-இல் மனைவியின் அறைச் சுவருக்குத் திரையாக இந்தியச் சித்திரத்துணி வாங்கினார். அதற்கு 24 வருஷம் முன்பே, கூவம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து மணல்திட்டை பிரான்சிஸ் டே தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன முக்கியக் காரணம், துணி இங்கே மலிவு என்பது. சென்னைப் பட்டணம் எதற்காக உண்டாயிற்று என்று பள்ளிக்கூடங்களில் கோட்டையைக் காட்டுகிறார்கள். கோட்டை துணிக்குப் போட்ட வேலி. பிறகு, 1734-இல் நெசவாளிகளையும் சாயமெழுதுகிறவர்களையும் அழைத்துக் குடிவைத்த சின்னத் தறிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டையானது. அதுவரையில் துணிக்கு அங்கே சண்டை உச்சத்துக்குப் போயிருந்தது. பிரான்ஸ் 1686-இல் சித்திரத்துணியைத் தடைசெய்து 1759 வரை தடையை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் இன்னும் கடுமையாக ஒரு சட்டம் போட்டது. இரண்டாவது 1774 வரை இருந்தது. இடையில் 1719-இல், பிழைப்புப் போன லண்டன் பட்டு, கம்பளி நெசவாளிகள் தெருவில் காலிகோ உடுத்திய பெண்களை மறித்துத் துணியைக் கிழித்தார்கள், அமிலம் வீசினார்கள். கள்ளிக்கோட்டையின் பெயரைக் கொண்ட துணி. ஒரு நெசவாளியின் பட்டினி இன்னொரு நெசவாளியின் துணிமேல் காட்டிய ஆத்திரம். ஒரு நூற்றாண்டு கழித்து மான்செஸ்டர் மில்துணி வந்து இங்கே தறிகள் நின்றபோது, யாரும் யாருடைய துணியையும் கிழிக்கவில்லை. கிழித்திருக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. வித்தியாசத்தைக் குறிக்கிறேன்.

அந்தத் தடைக்காலத்தின் தொடக்கத்தில்தான், 1708 வாக்கில் என்கிறார்கள், இங்கிலாந்தின் வடக்கே லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஒரு படுக்கை விரிப்பும் திரைகளும் தைக்கப்பட்டன. இந்தியச் சித்திரத்துணி மிச்சங்களை எண்கோணமாகவும் சிலுவையாகவும் வெட்டி இணைத்தது. அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒட்டுத்தையலில் இதுதான் மிகப் பழையது என்று கருதப்படுகிறது. நண்பரின் அமெரிக்கப் பாட்டிக்கும் பாட்டி இந்த விரிப்பு. அதன் ஒவ்வொரு துண்டும் இந்தியாவில் சாயம் கண்டது. ஆகவே, 'நம் மரபே இல்லை' என்றவருக்கு என் பதில்: தையல் அவர்களுடையது, துணி நம்முடையது. இங்கே மலிவாகவும் பக்கத்திலும் இருந்ததால் நாம் மிச்சம் பிடிக்கவில்லை. அங்கே அரிதானதால், பின்னர் குற்றமும் ஆனதால், மிச்சம் பிடித்தார்கள். ஒட்டுத்தையல் ஏழ்மையில் பிறந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பல இடங்களில் அது பணக்காரர்களின் பற்றாக்குறையில் பிறந்தது. (மிச்சம் யாருக்கு என்பது மட்டும் எல்லா ஊரிலும் சண்டைதான். லண்டன் தையற்காரர்கள், தாம் சுருட்டிக்கொண்ட வெட்டுத்துணிக்கு முட்டைக்கோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் தையற்காரர்கள் பெயர் வைக்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.)

நைஜீரியக் கரையின் கலபாரிப் பெண்கள் செய்ததை ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து போன கட்டம்போட்ட துணியை அவர்கள் சேர்த்துத் தைக்கவில்லை. பிளேடாலும் ஊசியாலும் நூல் நூலாகக் கத்தரித்து உருவி, புதிய கோலம் வரவழைத்தார்கள். துணியைக் குறைத்தே அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பிறந்த குழந்தையையும் இறந்தவரையும் அதில்தான் சுற்றினார்கள். நம் கோடித்துணிக்கு நேர்மாறு, ஆனால் காரியம் அதே.

வெட்டுத்துணிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது அவ்வளவு இன்பமானதல்ல. 1734 வாக்கில் புதுச்சேரியில் போலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, ஒரு சாயக்காரரைத் தன் கண்முன் ஒரு துணியை எழுதச்சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்துப் பாரீஸுக்கு அனுப்பினார். கடுக்காய்ப் பழுப்பிலிருந்து கடைசிச் சிவப்பு வரை. துண்டுகள் இன்னும் பாரீஸில் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் சென்று, 1866-இல், லண்டனில் ஜான் ஃபார்ப்ஸ் வாட்ஸன் இதையே ராஜாங்க அளவில் செய்தார். இந்தியாவின் துணிகளிலிருந்து 700 மாதிரிகள், 18 தொகுதிகள், 20 பிரதிகள். முழுப் புடவைகளும் தலைப்பாகைகளும் துண்டுபோடப்பட்டு ஒட்டப்பட்டன. இங்கிலாந்தின் மில்காரர்கள் பார்த்து, அதேபோல் செய்து, இங்கேயே கொண்டுவந்து விற்பதற்காக. நீளம், அகலம், எடை, ஊர், விலை எல்லாம் அச்சிட்ட சீட்டில் உண்டு. சென்னை ராஜதானித் துணி ஏராளம். நெய்தவர் பெயர் மட்டும் இல்லை. அந்தக் காலத்து நம் துணியைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள, இன்று எல்லோரும் போவது அந்த 18 தொகுதிகளிடம்தான். நானும்தான். திருட வந்தவன் போட்ட ஜாபிதா மட்டும் மிஞ்சியிருக்கும் வீட்டுக்காரனின் நிலைமை.

அடையாறில் ருக்மிணி தேவி 1937-இல் கலாக்ஷேத்திராவில் தறி போட்டதை நான் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். நாட்டியத்துக்குப் புடவை வேண்டும் என்பது ஒரு காரணம். கடையில் வழக்கொழிந்துபோன கரையையும் நிறச் சேர்க்கையையும் பழைய புடவைகளைப் பார்த்து மறுபடி நெய்வது இன்னொரு காரணம். வாட்ஸனின் மில்காரர்களும் பழையதைப் பார்த்துத்தான் நெய்தார்கள். தறி எங்கே இருக்கிறது, கூலி யாருக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு. நெசவாளியின் பெயர் அந்தப் புடவையிலும் இருக்காது என்று சொன்னால் கலாக்ஷேத்திரா அபிமானிகள் கோபித்துக்கொள்வார்கள். உண்மை அதுதான்.

என் விரிப்பில் இதுவரை 31 துண்டுகள் வெட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன் சீட்டை எடுத்து, ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத் துணியோடு ஒரு நோட்டில் ஒட்டி, விரிப்பில் அது எந்த வரிசை என்று எழுதிவைக்கிறேன். முறை வாட்ஸனுடையது. பெயர்ப் பத்தி நான் சேர்த்தது. 'அடையாறு, திருப்பிக் கொடுக்கவேண்டும்' துண்டை மட்டும் வெட்டவில்லை. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தைத்ததைப் பார்த்த மாடிவீட்டுப் பெண், இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான், தன் துண்டை அடையாளம் கண்டுகொண்டு, அது அவளுக்கும் யாரோ வைத்துக் கொடுத்ததுதான் என்றாள். யார் என்று ஞாபகமில்லை. நோட்டில் பெயருக்கு மேலே ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பதில் இரண்டு சிவப்பு. ஒன்று சாயம் போகிறது. வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு முன் உப்புத் தண்ணீரில் இரண்டு முறை போட்டுப் பார்க்கவேண்டும்.